கேட்பவர் கையும் வாங்குபவர் கையும்



வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். கேட்பவரும் நாமே, பணம் கொடுப்பவரும் நாமே, வந்த உப்பைச் சாடியில் கொட்டுபவரும் நாமே. இதற்குக் கணக்கு வேண்டியதில்லை. ஆனால், ஆயிரம் ஏக்கரும் நூற்றுக்கணக்கான ஆட்களும் கொண்ட ஒரு தோட்டத்தில் நூறு மண்வெட்டி தேவைப்பட்டால் அது எப்படி வந்து சேர்ந்தது? வெள்ளைக்காரக் கம்பெனிகளின் காலத்தில், ஸ்டோர் கிராணி ஒரு தாளில் எழுதினார். பெரிய கிராணி அதைச் சரிபார்த்தார். துரை கையெழுத்திட்டார். பிறகு அந்தத் தாள் பட்டணத்திலிருந்த ஏஜென்சி அலுவலகத்துக்குப் போயிற்று. அந்தத் தாளுக்கு ‘இண்டென்ட்’ என்று பெயர். தமிழில் கேட்புத் தாள் என்று சொல்லலாம்.

ஒரு சாதாரணத் தாளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அந்தத் தாளில் எது ஏறியது, எது ஏறவில்லை என்பதைப் பொறுத்தே நம் பாட்டன் பாட்டிமாரின் அரிசியும் மருந்தும் இருந்தன. ஒரு காலத்தில் அவர்களே அத்தகைய ஒரு தாளில் எழுதிக் கேட்கப்பட்டவர்கள்தாம். ஆகவே, இதன் வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘இண்டென்ட்’ என்ற சொல், பல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கேட்புத் தாளுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? பழங்கால ஐரோப்பாவில் இருவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால், அதை ஒரே தோலில் இரண்டு முறை எழுதுவார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே, ரம்பப் பல் போல வளைந்து வளைந்து வெட்டுவார்கள். ஒரு பாதி ஒருவரிடம், மறு பாதி மற்றவரிடம். பின்னால் வழக்கு வந்தால் இரு பாதிகளையும் சேர்த்து வைப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் பொய்.

இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் இதே வேலையை மரக்குச்சிகள் செய்தன. கட்டிய பணத்தைக் குச்சியில் வெட்டுக்களாகக் குறித்து, குச்சியை நீளவாக்கில் பிளந்து, பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிடுவார்கள். 1826இல் இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் நாடாளுமன்றத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அந்தத் தீயே பரவி, நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிவிட்டது.

குச்சியோ தோலோ, இவற்றிலுள்ள கருத்து ஒன்றுதான். சான்று இருவர் கையிலும் இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். வீட்டுக்காரம்மாவும் அதைப் பார்க்கலாம். ஆனால், கடைக்காரர் தம் ‘555’ புத்தகத்தில் எழுதுவதை நாம் பார்த்தோமா? எழுத்துத் தெரியாத எத்தனையோ பேர், சம்பள நாளில் அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அங்கே சான்று ஒரு கையில் மட்டும் இருந்தது.

இனி, பெரிய கம்பெனிகள் இந்தக் கருத்தை எப்படிக் கற்றுக்கொண்டன என்று பார்ப்போம். இதற்கு நாம் சென்னைக்குப் போக வேண்டும். 1600இல் தொடங்கப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1640 வாக்கில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. அங்கே அது வாங்க வந்த முக்கியப் பொருள் துணி. இலண்டனிலிருந்த இயக்குநர்கள், எந்த வகைத் துணி, எத்தனை நீளம், எத்தனை உருப்படி என்று பட்டியல் எழுதிக் கப்பலில் அனுப்புவார்கள். அந்தப் பட்டியல் சென்னைக்கு வந்து சேரவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். பதிலும் சரக்கும் திரும்பிச் செல்ல மேலும் பல மாதங்கள். இன்று கேட்டது அடுத்த ஆண்டுக்குப் பிறகுதான் கைக்கு வரும். ஆகவே, கேட்கும்போதே தெளிவாகக் கேட்க வேண்டியிருந்தது. ‘நல்ல துணி’ என்று எழுதினால் போதாது. மாதிரித் துணியே வேண்டும். வந்த துணியைக் கோட்டையின் கிடங்கில் அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தார்கள்.

தூரம் ஒரு சிக்கல். நம்பிக்கை இன்னொரு சிக்கல். சென்னையிலுள்ள கம்பெனி அதிகாரிதான் வாங்குகிறார். அவரே சரக்கைப் பெறுகிறார், அவரே கணக்கும் எழுதுகிறார் என்றால் இலண்டனில் இருப்பவருக்கு உண்மை எப்படித் தெரியும்? கம்பெனியின் கணக்கு முறையை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டவர் ஸ்டிரெய்ன்ஷாம் மாஸ்டர் என்பவர். இவர் 1678 முதல் 1681 வரை சென்னையின் ஆளுநராகவும் இருந்தார். அன்றைய சென்னை ஆலோசனைச் சபையில் ஒருவர் கணக்குப் புத்தகத்துக்குப் பொறுப்பு, மற்றொருவர் கிடங்குக்குப் பொறுப்பு, வேறொருவர் சுங்க வரிக்குப் பொறுப்பு என்று வேலைகள் பிரிந்திருந்தன. கூடிப் பேசி முடிவெடுத்தவற்றை நாள்தோறும் எழுதி, நகலை இலண்டனுக்கு அனுப்பினார்கள். கிடங்குக்காரர் சொல்வதும் கணக்கர் எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். இதுவும் பல்லோடு பல் பொருந்தும் வித்தைதான்.

விதி இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சென்னையே சாட்சி. 1687இல் ஆளுநரான எலிஹூ யேல், கம்பெனியின் சம்பளத்தில் இருந்துகொண்டே பெரும் தனி வணிகம் நடத்தினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1692இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியதுதான். முதலாளிக்காக வாங்குபவரே தமக்காகவும் வாங்கினால், எந்த இலாபம் யாருடையது என்று பிரிப்பது கடினம்.

இந்த ஏற்பாட்டில் கடைசியில் நின்றவர் யார்? தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளி. கம்பெனி நேராக அவரிடம் வாங்கவில்லை. காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்களிடம் ஒப்பந்தம் செய்தது. இவர் 1680இல் காலமானார். வணிகர் தரகரிடம் முன்பணம் கொடுப்பார். தரகர் நெசவாளியிடம் கொடுப்பார். முன்பணம் வாங்கிய நெசவாளி, சொன்ன விலைக்குச் சொன்ன துணியைக் கொடுக்க வேண்டும். கோட்டையில் துணி தரமில்லை என்று தள்ளப்பட்டால் நட்டம் படிப்படியாகக் கீழே இறங்கி அவர் தலையில் விழும். இலண்டனின் பட்டியலில் துணிக்கு இடம் இருந்தது. நெசவாளியின் கஞ்சிக்கு இடம் இல்லை. முன்பணம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம். இது நம்முடைய கதையிலும் வரப்போகிறது.

இனி மலாயாவுக்கு வருவோம். அலெக்சாண்டர் கத்ரி 1821இல் சிங்கப்பூரில் தம் வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். எட்வர்ட் பூஸ்டெட் 1828இல் தொடங்கினார். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு 1844இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தேயிலை வணிகமாகப் பிறந்தது. சைம் டார்பி 1910இல் மலாக்காவில் தோன்றியது. தோட்டத்து மக்களுக்கு இந்தப் பெயர்கள் பழகிய பெயர்கள். தோட்டத்து வாசற்பலகையில் பார்த்திருப்போம். சம்பளச் சீட்டில் பார்த்திருப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. இலண்டனில் பங்குகள் விற்றுப் புதிய ரப்பர் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனிகளின் இயக்குநர்களில் பலர் பால்மரத்தை நேரில் கண்டிராதவர்கள். அவர்களுக்காகத் தோட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏஜென்சி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. ஒரே ஏஜென்சியின் கீழ் பல கம்பெனிகளின் பற்பல தோட்டங்கள் இருந்தன.

அங்கே கேட்பு முறை இப்படி நடந்தது. ஆண்டின் தொடக்கத்துக்கு முன்பே துரை அடுத்த ஆண்டுக்கான எஸ்டிமேட் போடுவார். எத்தனை ஏக்கரில் பால் வெட்டு, எத்தனை ஏக்கரில் புதுநடவு, எத்தனை மங்கு, எத்தனை வாளி, எத்தனை உளி, பால் உறையவைக்க எவ்வளவு அமிலம், புகைவீட்டுக்கு எவ்வளவு விறகு என்று அதில் இருக்கும். ஏஜென்சி அதைச் சரிபார்த்து இலண்டனுக்கு அனுப்பும். இலண்டன் சம்மதித்த தொகைக்குள்தான் அந்த ஆண்டின் கேட்புத் தாள்கள் எழுதப்பட வேண்டும். அவ்வப்போது ‘விசிட்டிங் ஏஜெண்ட்’ என்ற மேலதிகாரி தோட்டத்துக்கு வருவார். வெட்டுமரத்தையும் பார்ப்பார், ஸ்டோரையும் பார்ப்பார். பல தோட்டங்களின் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து வாங்கியதால் ஏஜென்சிக்கு விலையில் சலுகை கிடைத்தது. ஒரு தோட்டத்தில் உளி ஒரு விலை, பக்கத்துத் தோட்டத்தில் வேறு விலை என்ற குழப்பமும் குறைந்தது. இது நல்ல நிர்வாகம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால், ஒரு முடிச்சு உண்டு. தோட்டத்துக்குப் பொருள் வாங்கிக் கொடுத்ததற்கு ஏஜென்சி தரகு பெற்றது. தோட்டத்து ரப்பரை விற்றுக் கொடுத்ததற்கும் தரகு பெற்றது. செயலாளர் வேலைக்குத் தனிக் கட்டணம். அதாவது, செலவு வேண்டுமா வேண்டாமா என்று ஆலோசனை சொல்பவரே, செலவு நடந்தால் ஆதாயம் பெறுபவராகவும் இருந்தார். யேல் காலத்துச் சிக்கல் ஒழிந்துவிடவில்லை. முன்பு மறைவாக நடந்ததற்கு இப்போது ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது.

நேயர்களே, பல்வெட்டுத் தாளைப் பற்றி முன்பு சொன்னோம். அந்தத் தாளிலிருந்து ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் பிறந்தது. அது ‘இண்டெஞ்சர்’. குறிப்பிட்ட காலம் ஒரு முதலாளியிடம் வேலை செய்வதாக ஒருவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. அந்த ஒப்பந்தத்தில் வந்தவர்களைத்தான் இந்நாட்டில் சஞ்சிக்கூலிகள் என்றார்கள். வாக்குறுதி என்று பொருள்படும் ‘ஜஞ்சி’ என்ற மலாய்ச் சொல்லே சஞ்சி ஆயிற்று. மண்வெட்டி கேட்கும் தாளும் மனிதரைக் கட்டும் தாளும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. இத்தனை ஆட்கள் தேவை என்று மலாயாவிலிருந்து எழுதினார்கள். நாகப்பட்டினத்தில் ஆள்சேர்ப்பவர்கள் அந்தக் கணக்குக்கு ஆள் பிடித்தார்கள். கப்பற்செலவும் முன்பணமும் வந்தவரின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டன. 1910இல் சஞ்சி முறை ஒழிந்தது. கங்காணி முறை அதற்கு முன்பே வளர்ந்திருந்தது, பிறகும் தொடர்ந்தது. கங்காணி தம் ஊருக்கு ஆள்கட்டப் போகும்போது கையில் ஓர் உரிமத் தாள் வேண்டும். அதில் தோட்டத்துத் துரையின் கையெழுத்து இருக்கும். பினாங்கிலுள்ள தொழிலாளர் இலாகாவில் அது பதிவாகியிருக்கும். அவர் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கேட்டவர் ஒருவர், சம்மதித்தவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர், எண்ணிப் பார்த்து ஏற்றவர் ஒருவர். ஒரு கேட்புத் தாளுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. இந்தியா 1938இல் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தியபோது இந்த முறை முடிவுக்கு வந்தது.

எண்ணி வாங்கப்பட்டவர்களின் தேவைகள் பட்டியலில் இருந்தனவா? 1911ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே, ஓராண்டில் ஆயிரம் பேருக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேரியாவே பெருங்கொலைகாரனாக இருந்தது. 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டியவர் மருத்துவர் மால்கம் வாட்சன். தம் அனுபவத்தை 1911இல் நூலாகவும் வெளியிட்டார். வழி தெரிந்துவிட்டது. ஆனால், கொய்னா மருந்தும் வடிகால் வெட்டும் கூலியும் கொசுவை அழிக்கும் எண்ணெயும் எஸ்டிமேட்டில் ஏற வேண்டுமே! உளி இல்லையென்றால் மறுநாளே பால் குறையும். அது இலண்டனுக்குத் தெரியும். மருந்து இல்லையென்றால் லயத்தில் ஒரு குழந்தை இறக்கும். அது பால் கணக்கில் தெரியாது. நோயாளி வேலைக்கு வர முடியாது, புது ஆள் கொண்டுவருவது அதைவிடச் செலவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் பல இடங்களில் மருந்துக்கும் வடிகாலுக்கும் வழி பிறந்தது. சட்டமும் பின்னால் நின்று வற்புறுத்த வேண்டியிருந்தது.

அடுத்தது அரிசி. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. 1918இல் இந்தியாவில் மழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919இல் சயாமும் ஏற்றுமதியைத் தடுத்தது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து கேட்புத் தாள் வழக்கம்போலப் போயிற்று. அரிசி வழக்கம்போல வரவில்லை. அரிசி இறக்குமதியையும் பங்கீட்டையும் அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டு, நட்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. ஒரே இடத்தை நம்பி வாங்குபவர், அந்த இடம் அடைபட்டால் பட்டினி கிடக்க நேரும் என்பது 1918 முதல் 1921 வரை கிடைத்த பாடம். தொழிலாளர் குடும்பங்கள் காய்கறி பயிரிடத் தோட்டத்தில் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதும் அந்தக் காலத்தில்தான். லயத்துக்குப் பின்னால் நம் பாட்டிமார் போட்ட மரவள்ளியும் முருங்கையும் வீட்டுக்குத் துணைவந்த உணவு மட்டுமல்ல. கப்பல் வராத காலத்துக்கான காப்பும் ஆகும்.

1930இல் ரப்பர் விலை சரிந்தது. உடனே எஸ்டிமேட்டுகள் வெட்டப்பட்டன. மங்கு வாங்குவதை நிறுத்துவதுபோல ஆள் வைப்பதையும் குறைத்தார்கள். 1930 முதல் 1932 வரை பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தாளில் எழுதிக் கேட்கப்பட்டவர்கள், தாளில் அடித்து விடப்பட்டார்கள்.

இதுவரை கம்பெனி வாங்கியதைப் பார்த்தோம். இனித் தொழிலாளி வாங்கியதைப் பார்ப்போம். பல தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். வேலைக்குச் சேர்த்தவர் அவர். பெரட்டில் பெயர் கூப்பிட்டவர் அவர். கடன் கொடுத்தவர் அவர். புத்தகத்தில் எழுதியவரும் அவர். கம்பெனி தன் மண்வெட்டிக்காக நான்கு கைகளைப் பிரித்து வைத்தது; தொழிலாளியின் அரிசிக்கு நான்கு கையும் ஒரே ஆளிடம் இருந்தன. கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால், ஆளின் நல்ல குணத்தை மட்டும் நம்பிக் கம்பெனி ஓர் ஆணிகூட வாங்கியதில்லை. தொழிலாளி மட்டும் அதை நம்பி வாழ வேண்டியிருந்தது.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் இதைப் பட்டார்கள். கூலியைப் பணமாகத் தராமல் முதலாளியின் கடைச் சரக்காகத் தரும் வழக்கத்தை அந்நாடு 1831இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அப்படியும் கலப்பட மாவும் குறைந்த எடையும் கடன் புத்தகமும் ஒழியவில்லை. ஆகவே, லங்காஷயர் மாநிலத்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தார்கள். அன்று கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் போன்ற சில பொருள்கள் மட்டுமே. ஊரார் சிரித்தார்கள்.

அதே 1844இல்தான், அதே லங்காஷயரில்தான், ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டும் பிறந்தது என்பதை இங்கே கவனிக்கலாம். ஒன்று, முதல் உள்ளவர்களுக்காக வாங்கியது. மற்றொன்று, முதல் இல்லாதவர்கள் தங்களுக்காகத் தாங்களே வாங்கிக்கொண்டது. ராச்டேல் தொழிலாளர்கள் கம்பெனிகளின் நல்ல பழக்கத்தைக் கைவிடவில்லை. செயற்குழு ஒன்று, பொருளாளர் ஒருவர், கணக்குத் தணிக்கையாளர் வேறு ஒருவர் என்று கைகளைப் பிரித்தே வைத்தார்கள். ரொக்கத்துக்கே விற்றார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆதாயத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இத்தகைய கடைகள் பெருகியதும், 1863இல் மொத்தமாக வாங்குவதற்கென்றே ஒரு கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. அந்த ஆங்கிலக் கூட்டுறவாளர்கள் பிற்காலத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களையும் வாங்கினார்கள். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். ராச்டேல் நெசவாளிக்கு நல்ல தேநீர் சரியான விலையில் கிடைத்தது. ஆனால், கொழுந்து பறித்தவர் அந்தச் சங்கத்தின் பங்குதாரர் அல்லர். யார் கேட்கிறாரோ அவருடைய தேவைதான் தாளில் ஏறுகிறது.

நம் நாட்டில் 1922இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களிடையே சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. மாதம் சில வெள்ளி சேமித்து, அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் பெற்றார்கள். சில தோட்டங்களில் கூட்டுறவுக் கடைகளும் வந்தன. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் உருவானது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், கூலியை இந்தக் கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி கட்டளையிட முடியாது என்றது. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் இழந்து குடும்பங்கள் தவித்தன. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம், அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டங்களுள் ஒன்று. ஒரு காலத்தில் தாளில் எழுதி வாங்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தோட்டத்தை வாங்கும் தாளில் தாங்களே கையெழுத்திட்டார்கள். இதை நாம் மறந்துவிடலாகாது.

பெரிய நிறுவனங்களும் கைமாறின. 1981 செப்டம்பர் 7ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரியின் பங்குகளை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கி அதைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் ஒன்றாயின. பிறகு தனியாகப் பிரிந்த அதன் தோட்டப் பிரிவு, 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பெயர்கள் மாறினாலும் கேட்பு முறை அப்படியே நிற்கிறது. தாளுக்குப் பதில் கணினி வந்திருக்கிறது. ஒவ்வொரு கேட்புக்கும் ஓர் எண். இத்தனை வெள்ளி வரை இந்த அதிகாரி சம்மதிக்கலாம், அதற்கு மேல் அவருக்கு மேலதிகாரி என்று வரம்பு. ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் விலை கேட்பது. கடைசியாக மூன்று தாள்களை ஒப்பிடுவது: நாம் கேட்ட தாள், சரக்கு வந்ததற்குப் பெற்ற தாள், கடைக்காரரின் பில். மூன்றும் ஒத்திருந்தால்தான் பணம். ஏமாற்றும் வழிகளும் பழையவைதாம். வரம்பைத் தாண்டாதிருக்கப் பெரிய கேட்பைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது ஒன்று. எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதுவது ஒன்று. உறவினர் கடையிலேயே விலை கேட்பது இன்னொன்று.

இவற்றைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? நம் கோவில் திருவிழாவுக்கு அரிசியும் பூவும் வாங்குகிறோம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நாற்காலி வாங்குகிறது. மரண சகாயச் சங்கம் பந்தல் வாங்குகிறது. அங்கேயும் கேட்பவர், சம்மதிப்பவர், வாங்குபவர், எண்ணிப் பெறுபவர் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். இது சந்தேகப்படுவது ஆகாது. நல்லவர் மீது பழி விழாமல் காப்பதும் இதுவே. ‘நம்ம அண்ணன்தானே, கணக்கு எதற்கு?’ என்று தொடங்கிய எத்தனையோ சங்கங்கள் சண்டையில் முடிந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நம் மக்கள் காலங்காலமாக வாயால் சொன்னார்கள். வாயால் சொன்னதற்குத் தேதி இல்லை, எண் இல்லை, நகல் இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீடும் நீரும் எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. ஆகவே, அதைக் கேட்பது கெஞ்சுவதன்று. கம்பெனி உளி கேட்பதுபோல நாமும் கேட்கலாம். எந்த வீடு, என்ன குறை, எந்தத் தேதி என்று இரண்டு படி எழுத வேண்டும். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையைக் கொண்டே எழுதச் சொல்லலாம். நம் பாட்டனார் விரல்ரேகை வைத்த தாளின் மறுபாதி அவர் கையில் இல்லை. நாம் எழுதும் தாளின் மறுபாதியாவது நம்மிடம் இருக்கட்டும்.